நூற்றொரு விசைகளும் ஒரு விண்ணப்பமும்

கல்விச்சாலை ஒன்று தன் வாசலை எல்லாருக்கும் திறந்துவைக்க விரும்புவது அறச்செயல் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அந்த அறம் முழுமை பெற்றுவிடும். ஆனால் முழுமையை ஒரே ஆண்டில் எதிர்பார்ப்பது பேராசை. ஆகவே தென்கரைப் பல்கலைக்கழகம் செய்த அறத்தை, அது செய்த அளவிற்கு, இங்கே எடுத்துரைப்பது நம் கடமையாகிறது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. இணையவாசல் இல்லாத நிறுவனம் இடுப்பில் துணி இல்லாத மனிதனுக்குச் சமம் என்று கருதப்பட்ட காலம். சிரம்பானின் லோபாக் பகுதியில் மாவு அரைத்துக் கொடுக்கும் கடைக்காரர்கூடத் தம் பெயர்ப்பலகையில் ‘விரைவில் இணையத்திலும்’ என்று எழுதிவைத்தார். இணையத்தின் வழியாக மாவு எப்படி வந்து சேரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பின்தங்கியவர் என்று பெயர் வந்துவிடும்.

தென்கரைப் பல்கலைக்கழகமும் பின்தங்க விரும்பவில்லை. முந்தைய ஆண்டின் நவம்பரிலேயே, தொலைநிலைக் கல்விக்கான விண்ணப்பங்கள் இனி இணையவாசல் வழியாக மட்டுமே பெறப்படும் என்று அறிவித்தது. அறிவிப்பின் மை காய்வதற்குள் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இணையவாசலை உடற்பேறு குறைந்தோரும் எளிதில் அணுக வகை செய்ய வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. பல்கலைக்கழகம் உடனே செயலில் இறங்கியது. அதாவது, ஒன்பது பேர் கொண்ட ‘எளிதணுகல் செயற்குழு’ ஒன்றை அமைத்தது.

குழுவின் தலைவர் சோலையப்பன். சிரம்பானில் மூன்று தலைமுறையாக வணிகம் செய்யும் குடும்பத்தவர்; பதினேழு சங்கங்களுக்கு ஏற்கெனவே தலைவர். கணினியைத் தொட்டதில்லை. ஆனால் பல கணினிகளைத் திறந்துவைத்திருக்கிறார். செயலாளர் திருநாவுக்கரசு. லிங்கி சாலையில் உள்ள புக்கிட் செலாசே தோட்டத்தில் முப்பத்தோராண்டு கிராணியாக, அதாவது தோட்ட எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர்; பேச்சில் ‘லா’ என்ற மலாய் அசை அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் ஒரு கோப்பும் தொலைந்ததில்லை என்பது அவர் பெருமை. எந்தக் கோப்பும் கிடைத்ததில்லை என்பது மற்றவர்கள் அனுபவம்.

இக்குழு யாருக்காக அமைக்கப்பட்டதோ அந்த மக்களில் ஒருவர், அதே புக்கிட் செலாசே தோட்டத்தில் குடியிருந்தார். பெயர் பஞ்சாலை. நான்கு வயதில் வந்த அம்மையில் இரு கண்களின் பார்வையும் போயிற்று. கோலாலம்பூரில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, தட்டச்சு பழகி, தோட்டத்தை அடுத்த செம்பனை எண்ணெய் ஆலையில் தொலைபேசி இயக்குநராக வேலை பார்த்துவந்தார். தாம் படித்த பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்ப வேண்டும் என்பது அவர் விருப்பம். பள்ளியோ பட்டம் கேட்டது. பட்டம் தரும் தென்கரையோ முப்பத்தைந்து வயது நிறைந்தவரைச் சேர்ப்பதில்லை. வரும் நவம்பரில் பஞ்சாலைக்கு முப்பத்தைந்து நிறைகிறது. விண்ணப்பம் முடியும் நாள் செப்டம்பர் முப்பது, மாலை ஐந்து மணி. அதைத் தவறவிட்டால் ஆயுள் முழுக்க ‘வணக்கம், ஆலை அலுவலகம்’ என்பதைத் தவிர அவருக்குப் பாடம் ஏதும் நடத்த இயலாது.

திரையில் உள்ள எழுத்துகளை வாய்விட்டுப் படிக்கும் கருவி ஒன்றைப் பழைய பள்ளி அவருக்குக் கொடுத்திருந்தது. ஆலையின் கணினியில் அதைப் பொருத்தி, தென்கரையின் வாசலைத் தட்டிப் பார்த்தார். பிறகு பல்கலைக்கழகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். பார்வையற்றவர் என்று அறிந்ததும் அழைப்பு செயற்குழுவிற்கு மாற்றப்பட்டது. விதி அப்படி.

“கிராணி ஐயா, நான் பஞ்சாலை பேசுறேன். ஒங்க வாசல்ல ஒண்ணுமே தெரியலைங்களே.”

“ஒனக்குத் தெரியாது லா, அதுக்குத்தானே நாங்க இருக்கோம். கருவி என்ன சொல்லுது?”

“படம்னு சொல்லுது.”

“சரி, அப்புறம்?”

“அப்புறமும் படம். மொத்தம் பதினாலு தடவ படம், படம்னு சொல்லிட்டு நிப்பாட்டிருச்சு. விண்ணப்பம் எந்தப் படத்துக்குள்ள இருக்குன்னு தெரியலை.”

“பக்கத்துல கண்ணு தெரிஞ்ச ஆள் யாரும் இல்லியா?”

“நம்ம ஆலை நல்லசாமி அண்ணன் ரெண்டு நாளு உக்காந்து பாத்தாரு. அப்புறம் லைன் சரியில்லன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.”

திருநாவுக்கரசு இவை யாவற்றையும் குறித்துக்கொண்டார். செயற்குழு கூடியது. பார்வையற்ற பயனர் ஒருவர் படங்கள் போதவில்லை எனக் கருத்துரைத்திருக்கிறார் என்று குறிப்பில் பதிவாயிற்று. விவாதம் உருக்கமாக நடந்தது. உடற்பேறு குறைந்தோரை இணையவாசல் அன்புடன் வரவேற்கிறது என்பதை உணர்த்தச் சக்கர நாற்காலிப் படம் ஒன்றும், கறுப்புக் கண்ணாடி அணிந்து புன்னகைக்கும் ஒருவரின் படமும், செயற்குழுவினர் ஒன்பதுபேரின் தனித்தனிப் படங்களும், அனைவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றும் சேர்க்கப்பட்டன. பார்வையற்றோரின் கவனத்தை ஈர்க்கும் பொருட்டுச் சக்கர நாற்காலி விட்டு விட்டு மின்னும்படி ஏற்பாடு செய்யப்பட்டது.

“இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று திருநாவுக்கரசு தாமே அழைத்துக் கேட்டார்.

“இப்ப இருபத்தாறு தடவ படம்னு சொல்லுதுங்க ஐயா.”

“பாத்தியா! முன்னேற்றம் இருக்குல்ல?”

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. படம் இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால ரெண்டு வார்த்தை எழுதி வைக்கச் சொல்லுங்க. ‘இது விண்ணப்பம்’, ‘இது பாடத்திட்டம்’ அவ்வளவுதான். கண்ணு உள்ளவங்களுக்கு அது தெரியாது. என் கருவி அதப் படிச்சிரும். ஒரு மத்தியானத்து வேலை.”

நேர்மையுடன் சொல்ல வேண்டும். திருநாவுக்கரசு இந்தக் கோரிக்கையை மறைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுத்துப் பிசகாமல் வாசித்தார். சோலையப்பன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வினவினார்:

“யார் கண்ணுக்கும் தெரியாதுங்கிறீங்க?”

“ஆமாங்க தலைவரே. பின்னால இருக்கும்.”

“தெரியாத எழுத்துக்கு எப்படிங்க திறப்பு விழா வைக்கிறது? ரிப்பன எங்க கட்டுறது? போட்டோவுல என்ன விழும்?”

தீர்மானம் ஒருமனதாகத் தோற்றது.

அன்பர்களே, ஓர் ஊரில் வழிப்போக்கர் தாகம் தீரக் கிணறு வெட்டினார்கள். சுற்றுச்சுவர் கட்டி, கல்வெட்டும் பதித்தார்கள். கயிறும் வாளியும் வாங்க வேண்டும் என்று ஒருவன் சொன்னான். கயிற்றில் யார் பெயரைப் பொறிப்பது என்ற கேள்வி எழுந்தது, அதோடு நின்றது. தாகத்தோடு வந்தவனுக்கு இன்றைக்கும் அந்தக் கிணற்றின் ஆழத்தைத் துல்லியமாக எடுத்துச் சொல்கிறார்கள். அவனும் நாக்கு வறளக் கேட்டுவிட்டு, நன்றி கூறிச் செல்கிறான். நம் சமுதாயம் பண்புள்ளது.

கண்ணுக்குத் தெரியும்படியாக ஒன்றைச் செய்வதென்று செயற்குழு முடிவெடுத்தது. புக்கிட் செலாசே தோட்ட மண்டபத்தில், உடற்பேறு குறைந்தோருக்கென்றே ஒரு புதுக் கணினி. இணைப்பும் உண்டு. திருநாவுக்கரசு பக்கத்தில் அமர்ந்து படங்களை விளக்குவார்; பயனர் தட்டச்சு செய்வார். யோசனை பழுதற்றது. ஆகஸ்டு மாதமே கணினி வந்து இறங்கிவிட்டது. திறப்பு விழாவிற்குமுன் அதை எவரும் தொடலாகாது என்பதால் பெட்டியிலேயே இருந்தது. விழா நாள் செப்டம்பர் முப்பது.

“அன்னிக்குத்தானே ஐயா கடைசி நாளு?” என்று பஞ்சாலை திகைத்தார்.

“அதான் லா ரொம்பப் பொருத்தம். கடைசி நாள் வரைக்கும் ஒங்களைக் கைவிடலைன்னு பேப்பர்ல வரும். அன்னிக்குச் சரஸ்வதி பூசையும்கூட. ரெண்டுக்கும் சேத்து ஒரே சுண்டல்.”

“காலையில எத்தனை மணிக்கு ஐயா?”

“பத்து மணிக்கு ரிப்பன். பத்தே காலுக்கு நீ ஒக்காந்துடலாம். எனக்கு ஒம்மேல அக்கறை இல்லாமயா?”

அக்கறை இருந்தது. அதைக் குறைத்துச் சொல்வது பாவம்.

விழா அன்று காலை எட்டு மணிக்கே பஞ்சாலை சான்றிதழ்களை மார்போடு அணைத்தபடி மண்டபத்திற்கு வந்துவிட்டார். திருநாவுக்கரசு பெருங்கவலையில் இருந்தார். ‘உடற்பேறு குறைந்தோர் பன்னிருவர் பயனடைந்தனர்’ என்று அறிக்கை முன்கூட்டியே அச்சாகிவிட்டது. வந்திருப்பவரோ ஒருவர். முப்பத்தோராண்டு அனுபவம் கைகொடுத்தது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் ‘பெரட்டு’ முறைப்படி, வந்திருந்த கூட்டத்தை வரிசையாக நிறுத்தினார்.

“சன்னாசி, காலுல என்னடா கட்டு?”

“மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்துட்டேங்க கிராணி.”

“முன் வரிசைக்குப் போ. வீரமுத்து, கன்னம் ஏன் வீங்கியிருக்கு?”

“பல்லு வலிங்க.”

“போதும். போயி ஒக்காரு. சிரிக்காத, வலி தெரியணும்.”

மூக்குக்கண்ணாடி அணிந்த ஒன்பது பேரும் சேர்க்கப்பட்டனர். அரைமணி நேரத்தில் பன்னிருவர் நிறைந்தனர். இறைவாழ்த்துப் பாடப்பட்டது. தலைவர் பதினொன்று நாற்பதுக்கு வந்தார். மாலைகள், பொன்னாடைகள், வரவேற்புரை, சிறப்புரை, தலைவரின் பேருரை. பேருரையின் நடுவே புதுக் கணினியின் வாசிப்புக் கருவி தானாகவே பேசத் தொடங்கிவிட்டது. தலைவருக்கு இடையூறாக இருந்ததால் அதன் வாயை அடைத்தார்கள். பகல் ஒன்றரைக்கு ரிப்பன் வெட்டப்பட்டது. இருநூறு பேர் கைதட்டினார்கள். பஞ்சாலையும் தட்டினார்.

அவர் எழுந்து நாற்காலியைத் தேடியபோதுதான் பூசை தொடங்கியது.

தலைவரின் துணைவியார் ஆவுடையம்மை ஆச்சி இதற்காகவே வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்திருந்தார். விசைப்பலகையில் எத்தனை விசைகள் என்று கேட்டார். நூற்றொன்று என்றார்கள். ஆச்சிக்கு உடல் சிலிர்த்தது. இவ்வளவு மங்கலமான எண்ணில் ஒரு பொருளைச் செய்தவன் யாராயினும் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்றார். ஒரு விசையும் விடாமல், நூற்றொரு சந்தனப் பொட்டுகளை வைத்து, ஒவ்வொன்றின்மேலும் குங்குமம் தொட்டார். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. திரைக்கு மாலை. பெட்டிக்கு மஞ்சள் துணி. தீபாராதனை.

மூன்று மணிக்குப் பஞ்சாலை கணினி முன் அமர்த்தப்பட்டார். விரல்களை விசைகளின் மேல் ஓட்டினார். விசைகளைப் பாராமல் தட்டச்சு செய்யத் துணையாக, இரண்டே இரண்டு விசைகளில் மட்டும் சிறு மேடு இருக்கும். அந்த இரண்டையும் விரல் கண்டுகொண்டால் மற்றவை தாமாகவே அமைந்துவிடும். இப்போது சந்தனம் காய்ந்து நூற்றொன்றிலும் மேடு இருந்தது.

“ஆச்சி, பொட்டைக் கொஞ்சம் தொடச்சிக்கட்டுமா?” என்று மெல்லக் கேட்டார்.

“ஏன் ஆத்தா, தொடைக்கிறதா? பூசையில வச்ச பொருளை இன்னிக்குத் தொடவே கூடாதே! நாளைக்கு விஜயதசமி. காலையில எடுத்து நல்லாப் படி. படிப்பு அமோகமா வரும்.”

“அஞ்சு மணிக்கு முடிஞ்சிரும் ஆச்சி. நாளைக்கு வாசலே இருக்காது. எனக்கு அடுத்த வருசம் வயசும் இருக்காது.”

ஆச்சியின் முகம் வாடியது. திருநாவுக்கரசின் கண்கள் உண்மையாகவே கலங்கின. தலைவர் உடனே ஒரு வழி கண்டார்.

“இதுக்கு ஏன் கலங்கணும்? கால நீட்டிப்பு கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டுட்டாப் போச்சு.”

“எங்கீங்க ஐயா போடணும்?”

“இணையவாசல்லதான்.”

யாரோ சுண்டல் ஆறுகிறது என்றார். கூட்டம் கலைந்தது. பஞ்சாலையின் கையிலும் ஒரு பொட்டலம் திணிக்கப்பட்டது.

அவர் பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, கோலைத் தட்டிக்கொண்டு தோட்ட அலுவலகத்திற்கு நடந்தார். அங்கும் பூசைதான். தட்டச்சுப் பொறி, தராசு, பேரேடு, ரப்பர் முத்திரை எல்லாம் மாலையோடு மேசையில் ஓய்வெடுத்தன. தொலைபேசி மட்டும் நாள் முழுக்க மணி அடித்துக்கொண்டே இருந்ததால், அதைப் பூசையில் வைக்க எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

நாலரை மணிக்குப் பஞ்சாலை பல்கலைக்கழகத்தை அழைத்தார். கண் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழைப்பு செயற்குழுவிற்கு மாற்றப்பட்டு, அதோ அந்த மண்டபத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்களிடமே வந்து சேர்ந்திருக்கும். பதிவுப் பிரிவு வேண்டும் என்று மட்டும் கேட்டார். ரோஹானா என்ற மலாய்க்கார எழுத்தர் எடுத்தார். இருவரும் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறோம்.

“அக்கா, இந்த ஆண்டுக்குப் பதியணும். வாசல்ல நுழைய முடியலை.”

“யாராலதான் முடியுது? சொல்லு, நான் இங்கேயே தட்டிடறேன். எங்க பக்கத்துல படமெல்லாம் இல்ல லா, வெறும் எழுத்துதான். முழுப் பெயர்?”

பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண், தேர்வு முடிவுகள். சான்றிதழ்கள் கையில் இருந்தாலும், பஞ்சாலைக்கு அவை மனப்பாடம். ரோஹானா கேட்கக் கேட்க, விடைகள் தடையின்றி வந்தன. கடைசிக் கட்டம்.

“உடற்பேறு குறைந்தவரா? ஆமா, இல்லை?”

“ஆமா. கண் தெரியாது.”

மறுமுனையில் தட்டச்சு நின்றது.

“முதல்லயே சொல்லியிருந்தா ஒன்னைச் செயற்குழுவுக்கு மாத்தியிருப்பேனே!”

“அதான் சொல்லலை அக்கா.”

ரோஹானா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு விசை அழுந்தும் ஓசை தொலைபேசியில் கேட்டது. மணி நான்கு நாற்பத்தொன்று. மொத்தம் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

அக்டோபர் முதல் வாரம் செயற்குழு வெற்றிக் களிப்புடன் கூடியது. உடற்பேறு குறைந்த ஒருவர் இணையவாசல் வழியே பதிவு செய்திருக்கிறார் என்ற செய்தி வந்திருந்தது. மொத்தம் எத்தனை விண்ணப்பங்களில் அது ஒன்று என்று அறிய விரும்பினார் தலைவர். பதிவேடு வரவழைக்கப்பட்டது. மொத்தம் ஒன்று.

மீண்டும் எண்ணினார்கள். ஒன்றுதான்.

இரு கண்களும் நன்றாகத் தெரிகிற முந்நூற்று நாற்பது பேர் அந்த வாசலில் வந்து நின்று, இருபத்தாறு படங்களையும் மாறி மாறி அமுக்கி, ஒன்றும் திறக்காமல், லைன் சரியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. ஒருவரும் புகார் செய்யவில்லை. புதிய காலத்தின் வாசல் தமக்கு மட்டுமே புரியவில்லை என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள். பஞ்சாலை ஒருவர்தாம், தெரியவில்லை என்று வாய்திறந்து சொல்லக் கூச்சப்படாதவர்.

செயற்குழு இதிலிருந்து முறையான முடிவுக்கு வந்தது. பார்வையுள்ளோராலேயே நிரப்ப முடியாத விண்ணப்பத்தை ஒருவர் பிழையின்றி நிரப்பியிருக்கிறார். ஆகவே அவருக்கு மற்றவரைவிடக் கூர்மையான பார்வை இருக்க வேண்டும். பார்வையற்றவர் என்று கூறிக்கொண்டதற்காக அவர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. முதல் பார்வையற்ற பயனர் என்பதற்காக அவரைப் பாராட்டும் கடிதமும் அதே உறையில் இருந்தது. தபால் செலவு மிச்சம்.

நல்லசாமி இரண்டையும் உரக்கப் படித்துக் காட்டினார். பஞ்சாலை ஆலையின் தட்டச்சுப் பொறியில் தாமே பதில் அடித்தார்:

‘எனக்குக் கண் தெரியாது. ஆகையால் படங்கள் என்னைத் தடுக்கவில்லை. தொலைபேசியில் கேட்டேன். ஒருவர் பதில் சொன்னார். பதினோரு நிமிடத்தில் முடிந்தது. தங்கள் குழுவில் பதினெட்டுக் கண்கள் இருப்பதால்தான் பதினோரு மாதம் ஆகிறதோ என அஞ்சுகிறேன்.’

அக்கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது. அவருக்கு இடமும் உறுதி செய்யப்பட்டது. வேறு வழியில்லை, அவ்வாண்டின் மாணவர் சேர்க்கை வெற்றி என்று அறிவிக்க, பல்கலைக்கழகத்திடம் அவர் ஒருவர்தாம் இருந்தார். தொடர்ந்து இன்னோர் அறிவிப்பும் வெளியாயிற்று: பார்வையுள்ளோரின் நலன் கருதி, விண்ணப்பக் காலம் பதினான்கு நாள்கள் நீட்டிக்கப்படுகிறது. இதற்கென எவரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஆலையில் தொலைபேசி மணி அடித்தது.

“வணக்கம், ஆலை அலுவலகம்.”

“பஞ்சாலையாம்மா? நான் சோலையப்பன். செயற்குழுத் தலைவர்.”

“வணக்கங்க ஐயா. பதில் கடிதம் அனுப்பிட்டேனுங்களே.”

“அது கெடக்கட்டும்மா. நம்ம சின்னவனுக்கு ஒரு விண்ணப்பம் போடணும். நேத்து ராத்திரி முழுக்க ஒக்காந்தோம். வீட்டுல லைன் சரியில்ல.”

“யாருக்குமே சரியில்லீங்க ஐயா.”

தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்தப் பதிவுப் பிரிவு அம்மா நம்பர் ஒன்கிட்ட இருக்காமே?”

“இருக்குங்க ஐயா. ஆனா அவங்களுக்கு ஒருத்தருக்குப் பதினோரு நிமிஷம் வேணும். அதான் வரிசை போட்டு எழுதி வச்சிருக்கேன். நீங்க ஒம்பதாவது.”

“ஒம்பதாவதா? எனக்கே ஒம்பதாவதா! முன்னால நிக்கிற எட்டுப் பேரு யாரு?”

“ஒங்க செயற்குழுதாங்க ஐயா.”